மேட்டுப்பாளையம் – கோத்தகிரி – ஊட்டி – குன்னூர்: ஒரே நாளில் குழுவாக ஒரு சைக்கிள் சுற்று (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோவையில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் சிறிய குழு எங்களுடையது. ஜனவரி பிறந்தாலே, "ஊட்டி எப்போ?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதைத் தொடர்ந்து வருகிற கேள்விகளும் வருடாவருடம் ஒன்றேதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வழி எது? எவ்வளவு தூரம்?

மேட்டுப்பாளையத்தில் கிளம்பி கோத்தகிரி வரை ஏறக்குறைய 33 கி.மீ. அங்கிருந்து கட்டபெட்டு வழியாக ஊட்டிக்கு 30 கி.மீ. சொச்சம். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு 19, குன்னூரிலிருந்து பர்லியாறு, கல்லாறு வழியாகத் திரும்பவும் மேட்டுப்பாளையத்துக்கு 33. மொத்தத்தில் 115 கி.மீ. பக்கம் வரும்.

தூரத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சமவெளியில் இதைவிட அதிகம் ஓட்டியவர்கள்தான் வருகிறார்கள். பார்க்க வேண்டியது உயரத்தை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். நடுவில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் மொத்த ஏற்றம் 2,000 மீட்டரைத் தாண்டிவிடும்.

கோவையிலிருந்தே ஓட்டி வருகிறேன் என்று சிலர் அதிகாலையில் கிளம்பி வருவார்கள். போக வர இன்னும் 70 கி.மீ. கூடும். 200 கி.மீ.யை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய 'பிரெவே' ஓட்டங்களுக்குப் பழகியவர்களுக்கு அது சரி. முதல் தடவை வருபவர்கள் மேட்டுப்பாளையம் வரை வண்டியில் வந்துவிடுங்கள்.

ஏன் கோத்தகிரி வழியாக ஏறி, குன்னூர் வழியாக இறங்குகிறீர்கள்? மாற்றிச் செய்யக் கூடாதா?

செய்யலாம், ஆனால் நாங்கள் செய்வதில்லை. ஏறும்போது நம் வேகம் மணிக்கு 8 கி.மீ., மிஞ்சினால் 10. மூன்றரை, நான்கு மணி நேரம் அதே சாலையில் இருப்போம். அவ்வளவு நேரமும் பின்னாலிருந்து பஸ், லாரி, டூரிஸ்ட் வேன் எல்லாம் நம்மைக் கடந்துகொண்டே இருக்கும். குன்னூர் சாலை தேசிய நெடுஞ்சாலை, எப்போதும் நெரிசல். கோத்தகிரி சாலையில் அந்தத் தொல்லை குறைவு, ஏற்றமும் ஒரே சீராக இருக்கும். இறங்கும்போது நம் வேகமும் வண்டிகளின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால், குன்னூர் சாலையில் நம்மை முந்தித் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கோடை சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும், அதாவது நம் சுற்றுக்கு நேர் எதிர். ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் அந்தப் பக்கமே போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் பாதி வரை. கோத்தகிரியும் குன்னூரும் மலையின் கிழக்கு முகத்தில் இருப்பதால் இரண்டுக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபர், நவம்பரில் மண் சரிவு எப்போது வேண்டுமானாலும் வரும். 2009 நவம்பரில் இந்த மலையில் நடந்த சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இரண்டு மாதங்களில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். கோத்தகிரிப் பக்கம் தூறலோடு விட்டுவிடுவதும் உண்டு. நனைவதில் ஆட்சேபம் இல்லாதவர்கள் போகலாம். ஆனால் ஈரச் சாலையில் இறங்குவது வேறு விஷயம், அதைக் கீழே சொல்கிறேன்.

என்னால் முடியுமா?

இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சமவெளியில் 80 கி.மீ. ஓட்டிவிட்டு மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போக முடிகிறதா? ஒரு மலைச் சாலையில் 10 கி.மீ. தொடர்ந்து, கால் ஊன்றாமல் ஏறியிருக்கிறீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் முடியும். இரண்டாவது இன்னும் இல்லை என்றால் முதலில் ஏற்காட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், அளவான ஏற்றம். அதற்கு அடுத்த படி ஆழியாறிலிருந்து வால்பாறை, நாற்பது வளைவுகள்.

வயது ஒரு பொருட்டில்லை. எங்கள் குழுவில் சீராக ஏறுகிறவர் ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே வருவார். ரொம்பத் தடுமாறுகிறவர்கள் ஜிம் போய் உடம்பு ஏற்றிய இருபத்தைந்து வயதுப் பையன்கள். முதல் அரை மணி நேரத்திலேயே எல்லா பலத்தையும் கொட்டிவிடுவார்கள்.

எந்த சைக்கிள் வேண்டும்?

ரோடு பைக், ஹைப்ரிட், எம்.டி.பி. (மவுண்டன் பைக்) எதுவானாலும் சரி. விலையைவிட கியர்தான் முக்கியம். முன்னால் இருக்கும் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 34 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை பெடலைச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. இந்த ஏற்றத்துக்கு நிதானமான வேகம் அதுதான். பின்னால் பெரிய பல்சக்கரமே 25 பல்தான் என்றால், அதே 60 சுற்றுக்கு மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் போயாக வேண்டும். முடியாமல் சுற்றைக் குறைப்பீர்கள், முட்டி போய்விடும். கடைக்காரரிடம் சொல்லி 32 அல்லது 34 பல் கேசட் (பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். சில மாடல்களில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின்பக்க டிரெயிலியரும் மாற்ற வேண்டிவரும்.

கியர் இல்லாத வண்டியில் வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வரலாம், பாதி வழி தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நேரம்தான் போதாது.

அப்புறம் பிரேக். முந்தின நாள் பிரேக் கட்டையைக் கண்ணால் பாருங்கள். அதில் கோடு மாதிரி இருக்கும் பள்ளம் தேய்ந்து மறைந்துவிட்டால் புதிது போடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேடைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

குழுவாக என்றால் எல்லோரும் சேர்ந்தே போவோமா?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம்.

சமவெளியில் குழு என்றால் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போவது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருபவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். அன்னூர் ரோட்டில் மணிக்கு 30 கி.மீ.யில் போகும்போது அது நன்றாகத் தெரியும். மலையில் 8 கி.மீ. வேகத்தில் காற்று எதிரியே இல்லை, புவியீர்ப்புதான் எதிரி. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து எந்தப் பயனும் இல்லை. மாறாக, தன் வேகத்தை விட்டு இன்னொருவர் வேகத்துக்கு மிதிப்பவர் கட்டாயம் களைத்துப்போவார். வேகமானவரை மெதுவாக ஓட்டச் சொன்னாலும் அவருக்குக் கால் வலிக்கும்.

அதனால் ஏற்றம் தொடங்கியதும் குழுவை நாங்களே கலைத்துவிடுவோம். அவரவர் மூச்சுக்கு அவரவர் வேகம். குழுவாக நாங்கள் செய்வது, நிற்கும் இடங்களை முன்கூட்டியே பேசிவைப்பதுதான். முதல் நிறுத்தம் குஞ்சப்பனை சோதனைச் சாவடி. இரண்டாவது அரவேணு டீக்கடை. மூன்றாவது கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம். அதற்குப் பிறகு கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு, குன்னூர். முதலில் போனவர் கடைசி ஆள் வரும் வரை அங்கே நிற்க வேண்டும். வந்து சேர்ந்தவுடன் "வாங்க போலாம்" என்று கிளம்பக் கூடாது. முன்னால் வந்தவருக்கு இருபது நிமிடம் ஓய்வு, கடைசியில் வந்தவருக்கு ஓய்வே இல்லை என்பது என்ன நியாயம்? கடைசி ஆள் ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் அடுத்த கட்டம்.

எல்லோருக்கும் பின்னால் அனுபவமுள்ள ஒருவர் வருவார். பம்ப், டியூப், செயின் கட்டர் அவரிடம் இருக்கும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. வழியில் ஒதுங்க நிறுத்தினால்கூட அவருக்குத் தெரிய வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் போதும், ஆளைக் காணோம் என்று யாரும் தேடி அலைய வேண்டிவராது.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் அழைத்துப் போவதில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவதும் மலைச் சாலையில் கிடையாது.

நேரக் கணக்கு?

காலை 6 மணிக்கு மேட்டுப்பாளையம். வெளிச்சம் வரும்போது பாக்குத் தோப்புகளைத் தாண்டி அடிவாரத்தில் இருப்போம். கோத்தகிரி 10, ஊட்டி 1. சாப்பிட்டு 2 மணிக்குக் கிளம்பினால் குன்னூர் 3 மணி வாக்கில், மேட்டுப்பாளையம் 5. இதில் ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம். ஆனால் கல்லாற்றை இருட்டுவதற்குள் தாண்டியாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. கோத்தகிரியை 11.30-க்குள் தொடாதவர்கள் ஊட்டிக்குப் போகாமல் அங்கிருந்தே நேராகக் குன்னூருக்குத் திரும்பிவிடுவார்கள். கோத்தகிரி–குன்னூர் சாலையும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அழகாகத்தான் இருக்கும்.

யானை வருமாமே?

வரும். அடிவாரத்திலிருந்து குஞ்சப்பனை, முள்ளூர் வரை யானை நடமாட்டம் உண்டு. குறிப்பாகப் பலாப்பழம் பழுக்கும் மாதங்களில், அதாவது மே முதல் ஜூலை, ஆகஸ்ட் வரை. பழுத்த பலாவின் வாசம் நமக்கே வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அடிக்கும். யானைக்குக் கேட்கவே வேண்டாம்.

விடிவதற்கு முன் அந்தப் பகுதிக்குள் நுழையாமல் இருப்பது முதல் பாதுகாப்பு. சாலையில் சூடான சாணம், முறிந்து கிடக்கும் மூங்கில் தெரிந்தால் நின்று, பின்னால் வருபவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். யானை கண்ணில் பட்டால் சத்தமில்லாமல் நின்று, திரும்பி, தூரமாகப் போய்விடுங்கள். மணி அடிக்காதீர்கள், போன் எடுக்காதீர்கள். பஸ்ஸோ லாரியோ வரும் வரை காத்திருந்து, டிரைவரிடம் சொல்லி, வண்டி மறைவில் கடந்துவிடலாம். பழகிய டிரைவர்கள் அவர்களாகவே வேகத்தைக் குறைத்து, "அப்படியே கூட வாங்க" என்பார்கள்.

மேலே போனால் காட்டெருமை. தேயிலைக்குள் மேய்ந்துகொண்டு நம்மை ஏறிட்டுப் பார்க்கும். அதற்கு வழி விட்டு ஒதுங்கினால் அது பாட்டுக்குப் போய்விடும். குரங்குகளுக்குத்தான் நம் மேல் அக்கறை அதிகம். முதுகுப் பையில் வாழைப்பழக் காம்பு வெளியே தெரிந்தால் வளைவில் நிற்கும்போது தோள் மேலேயே ஏறிவிடும்.

என்ன சாப்பிடுவது? தண்ணீர்?

காலையில் நாலு இட்லி, அதிகாலைக் கடை நிறைய உண்டு. வழியில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம். பசிப்பதற்கு முன்பே முக்கால் மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போடுங்கள். பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். ஊட்டியில் பிரியாணி வேண்டாம். வேண்டாம் என்று சொன்னாலும் யாராவது சாப்பிடுவார்கள், லவ்டேல் தாண்டுவதற்குள் வருத்தப்படுவார்கள்.

தண்ணீருக்கு ஆளுக்கு இரண்டு சைக்கிள் பாட்டில். நீலகிரி மாவட்டத்துக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பார்த்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. கடைகளிலும் விற்பதில்லை. சாலையோரம் குடிநீர் ஏ.டி.எம். இருக்கும், நாணயம் கையில் வைத்திருங்கள். டீக்கடைகளிலும் கேட்டால் நிரப்பித் தருவார்கள். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். மேலே குளிராக இருப்பதால் வியர்ப்பது தெரியாது, குடிக்க மறந்துவிடுவோம்.

கோத்தகிரி வந்துவிட்டால் கஷ்டம் முடிந்த மாதிரிதானே?

இல்லை. இந்தச் சுற்றில் ஆட்கள் சுருண்டு விழுவது கோத்தகிரிக்குப் பிறகுதான். கீழிருந்து ஊர் வரை ஏற்றம் கடுமைதான், சராசரி 5 சதவீதம் என்று சொல்லலாம். ஆனால் சீரானது, உடம்பு பழகிவிடும். கோத்தகிரிக்கு அப்புறம் சாலை கொஞ்சம் இறங்கும், ஏறும், திரும்ப இறங்கும். ஏறிய உயரத்தைத் திருப்பிக் கொடுக்கிற அந்த இறக்கங்கள் மனதை உடைக்கும். கட்டபெட்டு தாண்டியதும் தொட்டபெட்டா சந்திப்பு வரை மறுபடி ஏற்றம். 2,637 மீட்டர் உயரச் சிகரத்தின் தோளில் ஏறுகிறோம் என்பது நினைவிருக்கட்டும். சந்திப்பிலிருந்து ஊட்டிக்கு இறக்கம்.

பார்ப்பதற்கும் இதுதான் நல்ல பகுதி. காப்பித் தோட்டங்கள் கீழேயே முடிந்து, தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு என்று படிப்படியாக நிலம் மாறும். படுகர் ஊர்கள் வரிசை வீடுகளோடு சரிவில் தெரியும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகை வந்தால் வெள்ளை உடையில் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். அப்போது இறங்கி நின்று வழி விடுங்கள். கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில், கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கட்டிய பங்களா நினைவிடமாக இருக்கிறது. அவர் 1819-இல் இந்த மலைக்கு வந்தவர், ஊட்டி அதற்குப் பிறகுதான். பாதையே இல்லாத சரிவில் அவர் ஏறியதை நினைத்தால் 34 பல் கேசட் பெரிய சொகுசு.

உயரத்தில் மூச்சு முட்டுமா?

ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சும்மா நடப்பவருக்குத் தெரியாது, மிதிப்பவருக்குக் கடைசி பத்து கி.மீ.யில் தெரியும். ஒரு கியர் குறைத்துக்கொண்டால் போதும். தலைவலியோ குமட்டலோ வந்தால் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காததுதான் காரணம். உட்கார்ந்து குடித்துவிட்டு, சரியாகாவிட்டால் அன்றைக்கு பஸ்ஸில் இறங்கிவிடுங்கள்.

இறக்கத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் குளிர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. கீழே 33 என்றால் ஊட்டியில் 21 இருக்கலாம். வியர்த்த சட்டையோடு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க முடியாது. ஊட்டியிலேயே உள் பனியனை மாற்றிவிட்டு, மெல்லிய விண்ட் ஜாக்கெட் போடுங்கள். ஜாக்கெட் இல்லையா? டீக்கடையில் பழைய செய்தித்தாள் ஒன்று வாங்கி, விரித்து, நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே சொருகிக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் காற்று புகாது. குன்னூரில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம்.

அடுத்தது பிரேக் சூடு. குன்னூரிலிருந்து கீழே வரை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் தவறான முறை. ரிம் பிரேக்கில் ரிம் கொதித்து, உள்ளே டியூப் வெடிக்கலாம். நேரான இடத்தில் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக் இல்லாமல் போங்கள். வளைவின் உள்பக்கக் கால் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே, எடை முழுக்க அந்தக் காலில். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, சாலை எங்கே வெளிவருகிறதோ அங்கே. குன்னூரில் ஒரு தடவை, காட்டேரி தாண்டி ஒரு தடவை, பர்லியாறில் ஒரு தடவை நின்று ஆற விடுவோம். நின்றவுடன் ரிம்மையோ டிஸ்கையோ தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, மலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்று அதை ஏற விடுங்கள். முந்திக்கொண்டு நுழைந்தால் பஸ்ஸின் பின்பக்கம் நம் பக்கமாக வீசிவரும்.

ஈரச் சாலையில் இதெல்லாம் இரட்டிப்பு. ரிம் பிரேக் நனைந்தால் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. மழை பிடித்துக்கொண்டால் இறங்கிவிட்டு, சைக்கிளை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றுவதே புத்திசாலித்தனம். இறக்கத்தில் யாரும் யாரையும் முந்தக் கூடாது என்பதும் எங்கள் விதி, மீறியவரை அடுத்த தடவை கூப்பிடுவதில்லை.

மலை ரயிலைப் பார்க்கலாமா?

ஊட்டி–குன்னூர் இடையே தண்டவாளம் அடிக்கடி சாலைக்குப் பக்கத்தில் வரும். பிற்பகலில் ஊட்டியிலிருந்து இறங்கும் ரயிலைக் குன்னூர் ஸ்டேஷனில் பிடித்துவிடலாம். கல்லாறு–குன்னூர் இடையே அந்தப் பாதையின் சரிவு 12-க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் பல்சக்கரம். ரயில் பாதையைவிட நம் சாலை சாந்தமானது என்பது, காலையில் குஞ்சப்பனையில் புலம்பியவர்களுக்கு நான் சொல்லும் ஆறுதல்.

பெண்கள் வருகிறார்களா? கழிப்பறை வசதி?

வருகிறார்கள். கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் மூன்று ஊரிலும் பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறை உண்டு, சுமார் ரகம். கொஞ்சம் நல்லதாக வேண்டுமென்றால் ஹோட்டலில் டீ குடித்துவிட்டுக் கேளுங்கள். மேட்டுப்பாளையம்–கோத்தகிரி நடுவேதான் ஒன்றும் சரியாக இல்லை, அதை மனதில் வைத்துக் கிளம்புங்கள்.

துணைக்கு கார் வருமா?

ஒன்று வரும். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதால் காருக்கு முந்தின நாளே பதிவு செய்துவிடுவோம். கார் குழுவுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வராது, அப்படி வந்தால் சாலை அடைபடும். அடுத்த நிறுத்தத்தில் போய் நிற்கும்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் என்ன?

வேண்டாம். முப்பத்தாறு வளைவுகள், செங்குத்தான இறக்கம், பிரேக் பிடிக்காமல் விழுந்த வண்டிகள் ஏராளம். வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்கவே விடுவதில்லை. கீழே போய்ச் சேர்வதும் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள்.

சென்னையிலிருந்து வருகிறேன், சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

நீலகிரி எக்ஸ்பிரஸ் நேராக மேட்டுப்பாளையத்துக்கே வரும். பார்சல் ஆபீஸில் பதிவு செய்து அதே ரயிலில் ஏற்றலாம். ஆனால் அது காலையில்தான் வந்து சேரும், நாம் அதற்குள் கிளம்பிவிடுவோம். ஒரு நாள் முன்னதாக வந்து தங்குங்கள். பெடலைக் கழற்றி, டிரெயிலியரைச் சுற்றி அட்டை கட்டி அனுப்புங்கள்.

ஊட்டியில் என்ன பார்ப்போம்?

சாப்பாட்டுக் கடை.

வர்க்கி வாங்கிக்கொண்டு வரலாமா?

வாங்குங்கள், ஆனால் காரில் கொடுத்துவிடுங்கள். சட்டைப் பின் பையில் வைத்து இறங்கினால் மேட்டுப்பாளையத்தில் தூள்தான் மிஞ்சும். ஜூன், ஜூலையில் வந்தால் பர்லியாறு கடைகளில் மங்குஸ்தான் கிடைக்கும். அதை அங்கேயே உடைத்துச் சாப்பிட்டுவிடலாம். கை துடைக்க ஒரு துணி வேண்டும், மங்குஸ்தான் தோலின் சாயம் கையுறையில் பட்டால் போகாது.